எண்பத்தேழில் ஒரு பங்கு

என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாடியில் ரயில் விடத் தொடங்கினார். முதலில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற ஆண்கள் நாள் முழுக்கச் சமையலறைக்குள் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிற வீடுகள் எனக்குத் தெரியும். இவர் காலையில் சாப்பிட்டுவிட்டு மாடியேறிப் போய்விடுவார்.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோப்பு வீடு இருக்கிறது. மாடியில் முன்பு தேங்காய் போட்டுவைத்த நீளமான அறை ஒன்று உண்டு. அதைக் காலி செய்து, ஆசாரியை வரவழைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒட்டுப்பலகை மேசைகள் போட்டார். மேசை மேல் தண்டவாளம். தெர்மாகோலில் மலை, மரத்தூளில் வயல். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்குமான பாதையைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். எஞ்சினும் பெட்டிகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. கோயம்புத்தூரில் இதே பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். அவர்களோடு போனில் பேசும்போது என் கணவரின் குரலில் ஒரு குதூகலம் வரும். வங்கியில் இருந்த காலத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

தண்டவாளமும் சாலையும் குறுக்கே போகிற இடத்தில் ஒரு கேட் வைத்திருந்தார். கேட் இருந்தால் கேட்காரருக்கு ஒரு அறை வேண்டும். அதற்கும் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருந்த துண்டுகளை ஒட்டி முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செங்குத்தான கூரை, புகைபோக்கி, கூரை விளிம்பில் வெள்ளையாகப் பனி.

"ஏனுங்க, நம்மூர்ல எப்பங்க பனி உழுந்துச்சு?" என்றேன்.

"கேலி பேசறதுக்கு மட்டும் மாடியேறி வந்துரு. அத்தன தெரிஞ்சா நீயே ஒண்ணு செஞ்சு பாரு" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நான் எலப்புள்ளிக்காரி. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பஞ்சாயத்தில் தற்காலிக ஓவர்சியராக இருந்தேன். வாய்க்கால் பாலமும் அங்கன்வாடிக் கட்டடமும் என் கையெழுத்தில் எழும்பியிருக்கின்றன. கல்யாணம் பேசும்போது மாமனார் ஒரு வார்த்தைதான் சொன்னார். "ரோட்டுல டேப்பப் புடிச்சுட்டு நிக்கற மருமக நமக்கு வேண்டாமுங்க." என் அப்பா என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் முப்பது வருடத்தில் நான் வரைந்த ஒரே பிளான் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்குப் போனேன். எத்தனையோ வருடமாக அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். அந்த அறையை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டியபடி பக்கத்தில் கிடந்தன.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று.

"இதையா செய்யப் போறீய? இந்த ரூமையா?" என்றாள். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இல்லை. கேட்டபோது இடுக்கி மலையில் வண்டிப்பெரியார் என்றாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்து இங்கே வந்து நாலு வருடம்.

"ஆமாங்க. அளந்துக்கட்டுங்களா?"

"போட்டோ மட்டும் எடுக்காதீய அக்கா. எனக்கு வம்பாயிரும். ஜன்னலுக்கு வெளிய நின்னு என்ன வேணும்னாலும் அளந்துக்கிடுங்க. வண்டி வாற நேரம் தள்ளி நிக்கணும், அவ்வளவுதான்."

என் பழைய இரும்பு டேப் துருப்பிடித்து இழுக்க வராமல் போயிருந்தது. தையல் டேப்பைத்தான் கொண்டுபோயிருந்தேன். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. சுவரின் உயரத்துக்கு டேப் எட்டவில்லை. செங்கல் வரிசையை எண்ணினேன். ஒரு வரிசையின் கனம் தெரிந்தால் சுவரின் உயரம் தெரிந்துவிடும். முப்பது வருடம் கழித்தும் அந்தக் கணக்கு யோசிக்காமலே வந்தது. அப்போது என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று குனிந்து நோட்டில் எழுதுவதுபோல நின்றேன்.

அவள் எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். "எங்க லயத்துல ஒரு குடும்பத்துக்குன்னு உள்ள வீடு இதைவிட ரெண்டு அடிதான் கூட இருக்கும். அதை யாரும் அளந்து பாத்ததில்லை" என்றாள்.

நான் இன்னும் மூன்று தடவை போனேன். ரயில் பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத்தூள், தண்டவாளத்தைப் பார்த்த சுவரில் மட்டும் இடுப்பு உயரம் வரை காவி நிறமாகப் படிந்திருந்தது. மற்ற மூன்று சுவர்களும் வெறும் அழுக்கு மஞ்சள். ஓட்டின் வடக்குப் பக்கம் பாசி. வாசலில் நீலக் குடம், அதன் மேல் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளர். மேற்கு ஜன்னலுக்கு வெயில் தாங்காமல் அவள் ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டியிருந்தாள். சிவப்பில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

எண்பத்தேழால் வகுத்தால் பன்னிரண்டு அடி சுவர் நாலு சென்டிமீட்டர் சொச்சம் வரும். கதவின் உயரம் என் சுண்டுவிரலின் முதல் கணு அளவுகூட இல்லை. அறையின் தரை முழுவதும் ஒரு தீப்பெட்டி அளவுதான். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவர் வெட்டினேன். ஆனி மாத ஈரத்தில் நாலு சுவரும் அப்பளம்போல வளைந்துவிட்டன. அடுத்து, விளம்பரப் பலகை செய்கிற கடையில் மிச்சம் விழுகிற வெள்ளை பி.வி.சி. ஷீட்டை வாங்கி வந்தேன். அதில் ஊசியால் செங்கல் கோடு கீறினேன். ஒரு செங்கல் இரண்டரை மில்லிமீட்டர். கண் எரியும்போது எழுந்துபோய்த் தோப்பைப் பார்த்துவிட்டு வருவேன். இரண்டாவது சுவரில் செங்கல் இணைப்புகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வந்துவிட்டன. உலகத்தில் எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்டமாட்டான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கீறினேன்.

ஓடுதான் என்னைப் படாத பாடு படுத்தியது. அட்டையில் செய்தால் அட்டையாகவே தெரிந்தது. கடைசியில் ஓட்டலில் பார்சல் கட்டித் தருகிற அலுமினிய டப்பாவின் தகட்டை எடுத்து, ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த ரீபிள் முனையால் வரி வரியாக அழுத்தினேன். ஓட்டின் மேடு பள்ளம் அப்படியே வந்தது. அதை ஒரு ஓடு அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினேன். ஒரு பக்கத்துக்குப் பதினாலு வரிசை. வண்ணம் பூசி முடித்தபோது புது ஓடாக மினுக்கியது. கரித்தூளையும் தோட்டத்துச் செம்மண்ணையும் வேட்டித் துணியில் சலித்து, பழைய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்து, மழை பெய்தால் நீர் எப்படி வழியுமோ அப்படி மேலிருந்து கீழாக இழுத்தேன். பாசிக்குக் கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடித்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் பழுப்பாகிவிட்டது. பச்சைப் பெயிண்டில் தோய்த்த மரத்தூள்தான் நின்றது.

என் ஜாக்கெட் துணியிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டை வெட்டி மேற்கு ஜன்னலில் ஒட்டினேன். குண்டூசி முனையால் மஞ்சள் புள்ளிகள் வைத்தேன். அதோடு வேலை முடிந்தது.

அந்த மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயமாகச் சொன்னவளாக மாட்டேன். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அவர் மேசையின் ஒரு முனையில் ஒயர் இணைத்துக்கொண்டிருப்பார், நான் மறு முனையில் செங்கல் கீறிக்கொண்டிருப்பேன். பிற்பகலில் அவரே கீழே போய் டீ போட்டுக்கொண்டு வருவார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் டீ அது. ஒரு நாள் சுவரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்ற கைக்குள்ள இத்தன இருக்கும்னு எனக்குத் தெரியாது புள்ள" என்றார். அந்த வார்த்தையை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை நினைக்கும்போது, தெரிந்துகொண்ட பின்புதான் அவர் பிறகு நடந்ததைச் செய்தார் என்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

மழை விட்டதும் கோயம்புத்தூர்க் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆறு பேர். மூத்தவர் எழுபதைத் தாண்டியவர், சொந்தமாக லேத் பட்டறை வைத்து நடத்தியவர். அவர் சொல்வதுதான் குழுவில் தீர்ப்பு என்று என் கணவர் முன்பே சொல்லியிருந்தார். நான் பலகாரத்தட்டோடு மாடிப்படி ஏறும்போது மேலே பேச்சு நின்று போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆறு பேரும் கேட் அறையின் முன்னால் குனிந்து நின்றார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பெட்டியில வர்ற கிட்டு இல்லீங்களே. ஆருங்க பண்ணுனது?" என்றார்.

என் கணவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. "நாந்தானுங்க. மழைக்காலம் பூராவும் இதே வேலையா உக்காந்துட்டேன்."

"அடேங்கப்பா. அந்தத் தண்டவாளப் பக்கத்துச் சுவத்துக் காவிக்கறை பாருங்க. ரயிலுக்குப் பக்கத்துல நின்னவனுக்குத்தான் அது தெரியும்."

"நேர்ல போயி அளந்தனுங்க. மூணு நாலு தடவ போயிருப்பேன்."

நான் உள்ளே போய்ப் பலகாரத்தட்டை வைத்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முறுக்கு நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார். முறுக்கு கடையில் வாங்கியது.

அவர்கள் போனபின் நான் கேட்டேன். சண்டை போடுகிற குரலில்கூடக் கேட்கவில்லை. "நீங்க பண்ணுனதுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு. இதுல என்ன? நம்ம ஊட்டுல பண்ணுனதுதான. நான்னா என்ன, நீன்னா என்ன."

"அப்ப என்ற பேரச் சொல்லியிருக்கலாமுங்களே. ரெண்டும் ஒண்ணுதான்னா."

அவர் ஒரு ரயில் பெட்டியை எடுத்துத் தண்டவாளத்தில் ஏற்றி வைத்தார். அப்புறம், "அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல கண்காட்சி வெக்கறாங்க. அதுக்கு இதக் கொண்டாரச் சொல்லியிருக்கறாங்க. அங்க உன்ற பேரயே போட்டர்றேன். போதுமா?" என்றார். போதும் என்றேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கேட் அறையை ஒரு சிறிய பலகை மேல் பதித்து, சுற்றிலும் ஜல்லி பரப்பிப் பெட்டியில் வைத்தோம். மூடும்போது பார்த்தேன், ஜன்னலில் சிவப்புத் துணி இல்லை.

"அது கந்தலாட்டம் அசிங்கமா இருந்துச்சு. பாக்கறவங்க கட்டடத்தப் பாக்கோணுமா, கந்தத் துணியப் பாக்கோணுமா?" என்றார். கிழித்து எடுத்த இடத்தில் பசை வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதன்மேல் அழுக்கு மஞ்சள் பூசிச் சரிசெய்தேன். நானேதான் பூசினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் முறையாக என் பெயர் எழுதிய அட்டையைப் பார்க்கப் போகிறேன் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். பந்தி போடுகிற நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்திருந்தார்கள். எங்கள் கேட் அறையைச் சுற்றி அப்போதே கூட்டம். முன்னால் நிறுத்திய அட்டையில் தட்டச்சில் என் கணவரின் பெயர் இருந்தது. அதன் கீழே ஊர்ப்பெயர். வேறு ஒன்றும் இல்லை.

அவர் என் காதருகே குனிந்து சொன்னார். "மெம்பர் பேருதான் போடோணுமாமா. நான் கேட்டுப் பாத்தேன்."

கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லும்போது இடது கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டுப் பார்த்தார்.

அப்போது மூத்தவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்த ஓட்டப் பாருங்க. எப்படிங்க பண்ணுனீங்க? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புடிபடல" என்றார் என் கணவரிடம்.

"அட்டைதானுங்க. வெட்டி, பெயிண்ட் அடிச்சது."

மூத்தவர் நெற்றியைச் சுருக்கினார். "அட்டையில இந்த மேடு பள்ளம் வராதுங்களே."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். திட்டம் போட்டு வாயைத் திறக்கவில்லை. தப்பாகச் சொன்ன அளவைத் திருத்துகிற பழக்கம், அவ்வளவுதான். "அட்டை இல்லீங்க. பார்சல் டப்பாத் தகடு. ரப்பர் மேல வெச்சு ரீபிள் முனையில கோடு போட்டது. பதினாலு வரிசை, கீழிருந்து மேல ஏத்தி ஒட்டியிருக்குது. உச்சி ஓடு மட்டும் தனியா மடக்குனது" என்றேன்.

மூத்தவர் என்னை முதல் முறையாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு கணம் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"அட, அம்மணிக்கே இத்தன தெரியுதே" என்றார். என் கணவரின் தோளில் தட்டினார். "என்ன சொன்னாலும் சரிங்க, ஊட்டுல நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறீங்க. என்ற ஊட்டுக்காரிக்கு எஞ்சின் எது பெட்டி எதுன்னுகூடத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

திரும்பி வரும் வழியில், பொள்ளாச்சி தாண்டியதும் நான் கேட்டேன். "உங்க குரூப்பில ஒரு மெசேஜ் போடுங்க. நான் பண்ணுனதுன்னு. ஒரு வரி போதும்."

"போடறேன்."

"எப்பங்க?"

"போடறேன்னு சொன்னா உடு. வண்டி ஓட்டறப்ப நச்சரிக்காத."

அவர் போடவில்லை. பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தேன். அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். ஒரு பொம்மை வீட்டுக்கா இத்தன கோவம்? உட்டுரும்மா" என்றாள். அவளுக்கு என்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. வரைபடம் போடும் அம்மாவை அவள் பார்த்ததே இல்லை, அதுதான். நான் அவளைக் காலேஜில் சேர்க்கும்போதுகூட, விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியது என் கைதான்.

நான் மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். எதையும் உடைக்கவில்லை. ஊசி, தகடு, பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, அவருடைய மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் கீழே வந்து சமையலறை வாசலில் நின்றார். குழுவில் ஒருவருக்கு ஒரு சிக்னல் கேபின் செய்து தருவதாகச் சொல்லிவிட்டாராம். மாடி வைத்த பெரிய கேபின். உள்ளே தண்டவாளம் மாற்றுகிற லீவர்கள்கூட வேண்டுமாம்.

"சரி, பண்ணிக் குடுங்க" என்றேன்.

"நான் எங்க பண்றது?"

"கேட் ரூமு பண்ணுன மாதிரித்தானுங்க."

அவர் மாடியேறிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து மாடியில் வெட்டுகிற சத்தம் கேட்டது. பத்து நாள் முயன்றார். ஒரு நாள் கட்டைவிரலை அறுத்துக்கொண்டு இறங்கி வந்தார். நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன். அவர் இல்லாத நேரத்தில் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்தேன். சுவர்கள் கோணலாக நின்றன. செங்கல் இணைப்புகள் எல்லாம் நேர்க்கோட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. என் முதல் தப்பு அவருக்கும் வந்திருந்தது. அவர் அதைத் தப்பென்று கண்டுபிடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அவர் போனில் பேசுவது கேட்டது. "டாக்டர்கிட்டக் காட்டுனனுங்க... நரம்புல என்னமோன்னு சொல்றாரு... கை நிக்க மாட்டீங்குது... இனி சின்ன வேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க." அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. அன்று காலையில்தான் தோட்டத்தில் தென்னை மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பார்க்க வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். என் கணவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வலது கையை நீட்டினார். கை நடுங்கியது. தம்ளர் டபராவில் மோதிக் கிணுகிணுத்தது, காப்பி கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் தம்ளரைப் பிடித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். வேறென்ன செய்ய முடியும்? அவ்வளவு கிட்டத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் காப்பியைப் பார்த்தார்.

மூத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. "அந்தக் கைக்கு இப்படி வந்திருக்கக் கூடாதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்கதான் இனி அவருக்குக் கையா இருக்கோணும். அவரு சொல்லச் சொல்ல நீங்க செய்யலாமுங்களே. உங்களுக்குத்தான் அவரு சொல்லிக் குடுத்து ஓரளவு தெரியுதே. ரெண்டு பேரு பேரையும் போட்டுக்கலாமுங்க. நான் சொல்றேன் குரூப்பில."

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு ஆவல். மழைக்காலத்தில் டீ கொண்டு வந்தபோது இருந்த முகம். எனக்கு அது புரிந்தது. இதோ வழி திறந்துவிட்டது, என் பெயரும் வரும், அவர் சொன்னதும் பொய்யாகாது, மாடியில் மறுபடி இரண்டு பேரும் உட்காரலாம். நான் 'சரிங்க' என்று சொன்னால் போதும். என் விரல்களுக்குக்கூட ஆசை வந்தது. மாடி வைத்த கேபினில் ஜன்னல் எப்படி வரும், லீவருக்குக் குண்டூசியை வளைக்கலாமா என்று அந்த அரை நிமிடத்துக்குள் யோசித்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அன்னைக்கு அவரு சொன்னதக் கேட்டு ஒப்பிச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

மூத்தவர் தலையசைத்தார். "ஆமா, அது எல்லார்க்கும் வராது" என்றார்.

அவர்கள் கார் தோப்பைத் தாண்டிப் போனதும் என் கணவர் கேட்டார். "தெரியாதுன்னு ஏன் சொன்னே?"

"நீங்க சொன்னதத்தானுங்க நானும் சொன்னேன்."

"அவரே பேரு போடறேன்னு சொன்னாரே. அதுதான கேட்ட இத்தன நாளா?"

நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் என்ன கேட்டேன் என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை என்றால் இனி சொல்லித் தெரியப்போவதும் இல்லை. அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வரிக்காக நான் பிறகு வருந்தினேன். அவரைத் தோற்கடிக்கிறேன் என்று நினைத்து, எனக்கு இருந்த ஒரே சாட்சியத்தையும் என் வாயாலேயே அழித்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் அந்த அறையை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரியாது என்று நானே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவருக்கும் அது சுலபமாக முடியவில்லை. குழுவில் யாராவது பாலக்காட்டுப் பக்கம் வந்தால் இங்கே எட்டிப் பார்க்காமல் போவதில்லை. கார்ச் சத்தம் கேட்டால் அவர் கையில் இருக்கிற வேலையைக் கீழே போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலிக்குப் போய்விடுவார். கோயம்புத்தூருக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டார். மாடியில் ரயிலும் அதிகம் ஓடுவதில்லை. மேசைமேல் படிகிற தூசை வாரம் ஒரு தடவை நான்தான் துடைக்கிறேன், கட்டடங்களின் மேல் கை படாமல்.

கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போதும் அவருடைய கை நடுங்குகிறது. கூடத்தில் வேறு யாரும் இல்லாதபோதும். ரசம் ஊற்றின சோறு விரலிலிருந்து இலைக்கு வெளியே விழுகிறது. நிஜமாகவே வந்துவிட்டதா, பழகிப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று ஒரு தடவை சொன்னேன். வேண்டாம் என்றார். மறுபடி நான் சொல்லவில்லை. இப்போது அவருக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு ஸ்பூனைப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.